பனிக்கட்டியில் முப்பத்திரண்டு நிமிடம்

செத்த செல்லை எண்ணுவதில் மிலோய்காவை மிஞ்ச ஆளில்லை என்று லுப்லியானாவின் அந்தப் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். இருபத்தாறு வருடமாக அதே மேசை, அதே நுண்ணோக்கி. சுரங்க ஊரான த்ர்போவ்லியேயில் காலை ஐந்து நாற்பது ரயிலைப் பிடித்து, சாவா ஆற்றை ஒட்டி ஒரு மணி நேரம் தூங்கி வழிந்துகொண்டே வந்து இறங்குவாள். அப்பன், பாட்டன், தாய்மாமன் எல்லோரும் நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகொடிந்தவர்கள். அவள்தான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக வெள்ளைக் கோட்டு போட்டவள். கோட்டு வெள்ளையே தவிர வேலை வேலைதான் என்பாள்.

வேலை இதுதான். புற்றுநோய்ச் செல்லுக்கு ஒரு சவ்வு உண்டு. அதன் பெரும்பகுதி கொழுப்பு. கொல்லக்கூடிய மருந்தைச் சுற்றிலும் ஊற்றி வைத்தாலும் அந்தச் சவ்வு உள்ளே விடாது. அதனால் மின்சாரத்தை ஏவுகிறார்கள். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவில் எட்டு முறை மின்சார அடி. மின்சாரம் திருடன்போல் சவ்வில் கன்னம் வைக்கும், மருந்து அந்த ஓட்டை வழியாக உள்ளே புகும். கொஞ்ச நேரத்தில் ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். மூடுவதற்குள் புகுந்த மருந்து செல்லைத் தீர்த்துவிடும். புகாவிட்டால் செல் ஒன்றும் நடக்காதது போலப் பெருகிக்கொண்டிருக்கும்.

அந்த வசந்தத்தில் ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் யெர்னெய்க்கு ஒரு யோசனை. மின்னழுத்தத்தைக் குறைத்தால் என்ன? நோயாளிகள் வலியில் துடிக்கிறார்கள். பழைய அளவில் அறுபது சதவீதம் போதுமென்று காட்டிவிட்டால் பாதி வலி போகும். மிலோய்கா பதினொரு நாள் காலையில் செய்து பார்த்தாள். பதினொரு முறையும் நூற்றுக்குத் தொண்ணூறு செல் செத்தது. ஒரு மாணவி மூன்று நாள் மதியத்தில் செய்தாள், பாதிகூடச் சாகவில்லை. "அதுக்கெல்லாம் கைராசி வேணும்மா" என்று யெர்னெய் சிரித்தார். மாணவி முகம் சிவந்து போனாள். மிலோய்காவுக்கு உள்ளுக்குள் இனித்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

நோயாளிகளிடம் செய்து பார்க்க மருத்துவக் கமிட்டிக்கு மனு தயாரானது. பட்டியலில் முதல் பெயர் ராஃப்கோ. மிலோய்காவின் தம்பி.

ராஃப்கோ சுரங்கத்தில் வெடி வைப்பவனாக இருபத்தேழு வருடம் இருந்தவன். துளை போட்டு, மருந்தைத் திணித்து, திரியைப் பற்றவைக்கும் முன் மூன்று முறை "எரியுது!" என்று கத்த வேண்டும். கத்தாமல் பற்றவைத்தவன் வேலையை மறந்துவிடலாம். அவன் கத்தினால் அடுத்த மட்டத்தில் இருக்கிறவனும் சுவரோடு ஒட்டிக்கொள்வான் என்பார்கள். போன குளிர்காலத்தில் அவன் இடது காலில் பதினாலு கறுப்புக் கட்டிகள். தோலில் தொடங்கிய புற்று. நிலக்கரித் தூசி தின்ற நுரையீரல் என்பதால் முழு மயக்கம் கொடுக்க முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். பிப்ரவரியில் ஒரே ஒரு கட்டிக்கு, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, முழு அளவு மின்சாரம் கொடுத்தார்கள். ஊசி போட்ட இடம்தான் மரத்திருந்தது. தசைக்கு அது தெரியாது. கால் மேசையை விட்டு எகிறியது. ராஃப்கோ "அம்மா" என்று அலறினான். கால்சட்டையிலேயே மூத்திரம் போய்விட்டான்.

அந்தக் கட்டி காய்ந்து உதிர்ந்தது, மீதி பதிமூன்று. ஆனால் அவன் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. குறைந்த மின்சாரம் வரட்டும், அதுவரை வரமாட்டேன் என்றுவிட்டான்.

விஷயம் பிடிபட்டது ஒரு திங்கட்கிழமை, மாலிட்சாவின்போது.

பத்து மணி ஆனால் மாலிட்சா. சுரங்கமானாலும் சிமெண்டு ஆலையானாலும் அரசு அலுவலகமானாலும், அந்த அரைமணி நேரச் சாப்பாட்டை அந்த ஊரில் யாரும் தொட முடியாது. தூக்குமேடையில் நிற்கிறவனுக்குப் பத்து மணி ஆனால் தூக்குப் போடுகிறவன் கயிற்றை விட்டுவிட்டு ரொட்டி தின்னப் போவான் என்று மிலோய்காவின் அப்பன் சொல்வதுண்டு.

கண்ணாடிச் சாமான் கழுவுகிற தாம்யானா ஒரு ஜாடியை மேசையில் வைத்தாள். சாசெகா. பூண்டு போட்டு அரைத்த பன்றிக் கொழுப்பு. ரொட்டியில் கனமாகத் தடவித் தின்பார்கள்.

"என்னடி இது, கொழுப்பா சிமெண்டா? கத்தி இறங்கமாட்டேங்குது" என்றாள் மிலோய்கா.

"பிரிட்ஜுலேர்ந்து இப்பத்தான எடுத்தேன். வெள்ளிக்கிழமை குத்தின ஓட்டைகூட அப்படியே இருக்கு பாரு. உன் ஆம்பளைக்குக் கொடுத்த கஞ்சி மாதிரி நெனச்சியா, ஓடுறதுக்கு?"

"என் ஆம்பளை ஓடிப்போயி ஒம்பது வருஷமாச்சு. கஞ்சியைக் குத்தம் சொல்லாத."

தாம்யானா சிரித்துக்கொண்டே ஜாடியைச் சூடேற்றியின் மேல் வைத்தாள். சற்று நேரத்தில் கத்தி போன வழியெல்லாம் கொழுப்பு மெதுவாகச் சரிந்து வந்து மூடிக்கொண்டது. ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

மிலோய்கா ஜாடியைப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து பதினெட்டு.

"செல்லெல்லாம் இப்ப எங்க இருக்கு தெரியுமா?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? சொர்க்கத்துலயா?"

"ஐஸ்ல."

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எட்டு அடி கொடுப்பாள். பத்துக்கு மாலிட்சா. செல்லைக் கவனிக்க ஆளில்லாமல் வெளியே விட்டுப்போகக் கூடாது, கெட்டுவிடும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆகவே செல் இருக்கும் குழாய்களை ஐஸ் பெட்டியில் செருகிவிட்டு வருவாள். கை அதுவாகச் செய்யும். நோட்டில் எழுதமாட்டாள். கழிப்பறைக்குப் போனதை யாராவது நோட்டில் எழுதுவார்களா? திரும்பி வந்து, மேசையைத் துடைத்து, குழாய்களைச் சூட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது பத்து இருபத்தேழு. முப்பத்திரண்டு நிமிடம். குளிரில் சவ்வு விறைத்துக் கிடக்க, ஓட்டைகள் மூடாமல் கிடக்க, மருந்து ஆற அமர உள்ளே போய்க்கொண்டிருக்க, இவளோ ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். குளிரில் சவ்வு மெதுவாக மூடும் என்பது அவளுக்கு இருபது வருடமாகத் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை. மதியம் வேலை செய்த அந்தப் பெண்ணுக்கு மாலிட்சா இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கைராசியாம். எல்லாம் பனிக்கட்டி ராசி.

செவ்வாயிலிருந்து மூன்று நாள் அவள் மாலிட்சாவுக்குப் போகவில்லை. பாதிக் குழாய்களை வழக்கம்போல் ஐஸில் வைத்தாள். மீதியை மனித உடம்பின் சூடுள்ள பெட்டியில் வைத்துவிட்டு, அதன் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தாம்யானா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சலும் இல்ல. யூனியன்காரன் பாத்தா உன்னைக் கருங்காலிம்பான், எந்திரிச்சு வா."

அடுத்த திங்கட்கிழமை எண்ணி முடித்தாள். ஐஸில் இருந்ததில் நூற்றுக்கு ஒன்பது உயிரோடு இருந்தது. சூட்டில் இருந்ததில் அறுபத்து நாலு. ராஃப்கோவின் கட்டியில் இருக்கிற அதே ரகச் செல்.

யெர்னெய் காகிதத்தை இரண்டு முறை படித்தார். கெட்ட மனிதர் இல்லை. தன் தாயையும் இதே நோய்க்குப் பறிகொடுத்தவர். அதனால்தான் அவருக்கு அவசரம்.

"மிலோய்காம்மா, இது நல்ல விஷயம்தான். தனியா ஒரு கட்டுரை எழுதலாம். ஆனா வெள்ளிக்கிழமை கமிட்டிக்கு மனு போகணும். பதினோரு நாள் கணக்குல உங்க கையெழுத்து மட்டும் பாக்கி."

"அந்தக் கணக்கு தப்பு டாக்டர்."

"தப்பில்ல. செல் செத்துச்சா இல்லையா?"

"செத்துச்சு. ஐஸ்ல செத்துச்சு. நோட்டுல அறை வெப்பத்துல பத்து நிமிஷம் வெச்சதா எழுதியிருக்கு."

"முறைன்னு எழுதிவெச்சது அது. அப்படியே இருக்கட்டும். பாருங்க, குறைஞ்ச அழுத்தத்துலயும் கொஞ்சம் மருந்து போகத்தான் செய்யும். வேணும்னா நோயாளியோட காலைக் குளிர வெச்சுக்கலாம்."

"பதிமூணு கட்டியையும் அரைமணி நேரம் ஐஸ்ல வைப்பீங்களா? உள்ள ரத்தம் ஓடுதே, அதை எந்த பிரிட்ஜுல வைப்பீங்க? காலு அழுகிப்போகும்."

யெர்னெய் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க தம்பி நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. முழு அளவுன்னா அவர் வரவே மாட்டேங்கிறார். பாதியாவது நடக்கட்டுமே."

"பாதி செத்தா மீதி வளரும். இத்தனை வருஷமா எண்ணிக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேற யாராவது போடுவாங்க."

"போடட்டும். பதினோரு நாளும் குழாயைப் பிடிச்சது என் கை. வேற எவ போட்டாலும் அது பொய்க் கையெழுத்து. நானே கமிட்டிக்குப் போய்ச் சொல்வேன்."

தன் குரல் அவ்வளவு உரக்க வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். வராந்தாவில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

அன்று மாலை த்ர்போவ்லியேயில் இறங்கி நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். சுரங்கத்தார் குடியிருப்பில் இரண்டாவது மாடி. கதவு திறந்தே இருந்தது. ராஃப்கோ அடுப்படியில் ஒற்றைக் காலில் கனத்தை ஊன்றி நின்று முட்டையும் மாவும் கரைத்துச் சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தான். வட்டமாக, மஞ்சளாக, தட்டை மூடும் அளவுக்கு விரியும் அந்தத் தோசைக்குச் சுரங்கத்தார் வைத்த பெயர் 'சுரங்கக்காரன் சூரியன்'. இருட்டில் கிடப்பவனுக்கு அதுதான் சூரியன்.

"வீட்டுச் செருப்பை மாட்டிக்கிட்டு உள்ள வா" என்றான் திரும்பாமலே. "உங்க டாக்டர் போன் பண்ணினார். என் அக்கா ஒரு கையெழுத்தைப் போடாம என் கால் வைத்தியத்தைத் தடுத்துக்கிட்டு நிக்கிறாளாம்."

"அந்த ஆளுக்கு வெக்கம் இல்லை."

"உனக்கு இருக்கா? போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே. உனக்கு என்ன, ஒரு சொட்டு மை."

"அந்த அழுத்தம் பத்தாதுடா. ஓட்டை விழும், விழுந்த வேகத்துல மூடிக்கும். மருந்து வாசல்லயே நிக்கும்."

"எனக்கு அதெல்லாம் புரியாது."

"உனக்குப் புரியாம யாருக்குப் புரியும்? பாறையில துளை போட்டு அரைக் கட்டு மருந்து வெச்சா பாறை என்ன பண்ணும்?"

ராஃப்கோ தோசையைத் திருப்பிப் போட்டான்.

"சிரிக்கும்" என்றான்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. வெடிக்காத மருந்தும் விரிசல் விட்ட பாறையுமா இருக்கும். அடுத்த ஷிப்டுக்காரன் தலையில விழும்." சட்டியை இறக்கி வைத்தான். "ஆனா பாறை மூத்திரம் போகாது, மிலோய்கா."

அவள் எட்டி அடுப்பை அணைத்தாள்.

"அந்த நர்சுப் பொண்ணு என் மக வயசு. துணியை மாத்தும்போது என் முகத்தைப் பாக்காம இருந்தா. பாத்திருந்தாக்கூடத் தேவலை. இருவத்தேழு வருஷம் நான் கத்துனா மத்தவன் நடுங்குவான். அங்க நான் நடுங்கினேன். அதைப் பதிமூணு தடவை பண்ணச் சொல்றியா?"

"ஆமா" என்றாள் மிலோய்கா. "பதிமூணு தடவை. மூத்திரம் போனா போகட்டும். நீ போய்ச் சேர்றதைவிட அது மேல்."

"வெளிய போடி."

"போறேன். ஆனா கையெழுத்துப் போட மாட்டேன். நீ கால்ல விழுந்தாலும் போட மாட்டேன்."

"விழ முடியாது, காலு வலிக்குது" என்றான் அவன். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை யெர்னெய் நோட்டை எடுத்துவந்து அவள் மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். மனுவோடு நோட்டின் அசல் பக்கங்களின் நகல் போக வேண்டும், கீழே வேலை செய்தவரின் கையெழுத்து வேண்டும். அதுதான் விதி.

மிலோய்கா பேனாவை எடுத்தாள். யெர்னெய் பெருமூச்சு விட்டது கேட்டது. முதல் நாளின் பக்கத்தில், ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில், அவள் எழுதினாள்: '9.55 எட்டு அடி. 10.00 மாலிட்சா. குழாய்கள் பனிக்கட்டியில் 32 நிமிடம்.' கீழே கையெழுத்துப் போட்டு அன்றைய தேதியும் போட்டாள். இரண்டாவது பக்கத்தில் அதையே எழுதினாள். மூன்றாவதிலும் அதையே. அவள் கையெழுத்து பள்ளிக்கூடத்துப் பிள்ளையுடையது போல் குண்டு குண்டாக இருக்கும். யாரும் படிக்காமல் தப்ப முடியாது. பதினொரு பக்கத்தையும் எழுதி முடித்து நோட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"கையெழுத்துக் கேட்டீங்க. போட்டாச்சு."

யெர்னெய்யின் காது மடல் சிவந்தது. "இது என்ன தெரியுமா? இத்தனை பேரோட ஒரு வருஷ உழைப்பு."

"என்னோடதும்தான். என் கைராசியும் அதுல போச்சு. பக்கத்துக்கெல்லாம் நம்பர் அடிச்சிருக்கு டாக்டர், கிழிக்கிறதுன்னா பாத்துக் கிழிங்க."

அவர் கிழிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். நகல் எடுத்து அப்படியே அனுப்பினார். ஆனால் திங்கட்கிழமை அவள் வந்தபோது அவளுடைய மேசையில் அந்த மாணவி உட்கார்ந்திருந்தாள். மிலோய்காவுக்குக் கழுவும் அறை ஒதுக்கப்பட்டிருந்தது.

"வாடி மகாராணி" என்றாள் தாம்யானா, ரப்பர் கையுறையை நீட்டி. "இங்க ஐஸ் கிடையாது. வெந்நீர்தான்."

"என் அம்மா சுரங்கத்தாருக்குத் துணி வெளுத்தவ" என்றாள் மிலோய்கா. "எனக்குக் கழுவக் கத்துக்கொடுக்காத."

மூன்றாவது வாரம் கமிட்டி மனுவைத் திருப்பி அனுப்பியது. கூடவே ஒரே ஒரு கேள்வி: மாலிட்சா என்பது சிகிச்சை முறையின் பகுதியா, விளக்கவும். அந்தக் காகிதத்தை யாரோ நகலெடுத்துச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். யெர்னெய் அதைப் பார்த்தார், கிழிக்கவில்லை. அவளிடம் பேசவும் இல்லை.

ராஃப்கோவும் பேசவில்லை. ஐந்து வாரம். ரயில் நிலையத் தெருவில் எதிரில் வந்தவன் மறுபக்கம் போனான். நொண்டல் கூடியிருந்தது. அவள் அவனைக் கூப்பிடவில்லை. செய்தது சரி என்று தெரிவதால் மட்டும் ராத்தூக்கம் வந்துவிடாது.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, பத்துக்குக் கொஞ்சம் முன்பு, கீழ்த்தளத்துச் சிகிச்சைப் பிரிவிலிருந்து அந்த நர்சுப் பெண் கழுவும் அறைக்கு ஓடிவந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தியிருந்தாள்.

"உங்க தம்பி வந்திருக்கார். அரைக் கட்டு வேண்டாம், முழு அளவு குடுங்கன்றார். உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னார்."

மிலோய்கா கையுறையோடேயே போனாள். ராஃப்கோ மேசையில் சாய்ந்து கிடந்தான். இடது காலில் பதிமூன்று இடத்திலும் மரக்கிற ஊசி போட்டாயிற்று. கையில் குழாய் வழியாகக் கொல்லும் மருந்து ஏறி முடிந்திருந்தது. மருத்துவமனை அங்கிக்குக் கீழே பெரியவர்களுக்கான அரைக்கச்சை, டயப்பர், வெள்ளை வெளேரென்று துருத்திக்கொண்டு தெரிந்தது. அவன் அதை மறைக்கவில்லை. அங்கியை இன்னும் கொஞ்சம் தூக்கியே விட்டிருந்தான்.

"என்ன பாக்குற?" என்றான். "பாறை மூத்திரம் போகாது. நான் போவேன். ஏற்பாட்டோட வந்திருக்கேன். இந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன், இந்தத் தடவை முகத்தைப் பாத்தே ஆகணும்னு."

சிகிச்சை டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மருந்து ஏறி எட்டு நிமிடம் பொறுக்க வேண்டும். அதன் பிறகு இருபது நிமிடத்துக்குள் எல்லாக் கட்டியும் முடிய வேண்டும். இல்லையென்றால் மருந்து ரத்தத்தை விட்டுப் போய்விடும். பத்து மணி ஆகப் போகிறது. இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற உதவியாளரின் கண்ணும் கடிகாரத்துக்குத்தான் போனது.

ராஃப்கோ அதைக் கவனித்துவிட்டான். "மாலிட்சாவுக்குப் போறதா இருந்தா போங்க. ஆனா என்னையும் ஐஸ்ல சொருகிட்டுப் போங்க, இவ சொல்வா எப்படின்னு."

யாரும் போகவில்லை.

டாக்டர் முதல் கட்டியின் இரு பக்கமும் தகடுகளைப் பொருத்தினார். அவருடைய கால் இயந்திரத்தின் மிதிக்கட்டையைத் தேடியது.

"நில்லுங்க" என்றான் ராஃப்கோ. "நான் சொல்லாம மிதிக்கக் கூடாது. இருவத்தேழு வருஷத்துல நான் கத்தாம எந்த வெடியும் வெடிச்சதில்ல. இதுவும் வெடிக்காது."

"வலிக்கும், ஐயா" என்றார் டாக்டர்.

"தெரியும். உங்களை வலிக்குமான்னு கேக்கல. காதைப் பொத்திக்குங்கன்னு சொல்றேன்."

மிலோய்கா கையுறையைக் கழற்றினாள். அவன் கையைப் பிடிக்கப் போனாள்.

"தொடாத" என்றான். "வெடி வைக்கிறவன் பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது. சுவரோட நில்லு."

அவள் போய்ச் சுவரோடு நின்றாள். நர்சுப் பெண் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஃப்கோ மூச்சை இழுத்தான். தூசி படிந்த நுரையீரல் கரகரவென்றது.

"எரியுது!" என்று கத்தினான். மேல்தளத்தில் சாப்பாட்டு அறையில் தாம்யானாவின் கத்தி அந்தரத்தில் நின்றது. "எரியுது! எரியுது!"

டாக்டர் மிதித்தார். ராஃப்கோவின் கால் எகிறியது. எட்டு அடி. கெட்ட வார்த்தையும் எட்டு வந்தது, ஒன்று மற்றொன்று போல் இல்லை. அம்மா என்ற சொல் அதில் இல்லை.

"ஒண்ணு" என்றான் ராஃப்கோ, வேர்வை கண்ணில் வழிய. "அடுத்த துளையைப் பாருங்க. நேரம் போகுது."